அந்த நாட்டு அதிபரும் எங்கள் தெற்குத் தெருவும்

மனுதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் வேறு எதற்கு உட்கார்ந்திருப்பேன், காற்று வாங்கவா?

இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு மனு இதுவரை வந்திருக்காது. வாசலில் வேப்பமரத்தடியில் டைப் அடிக்கிறாரே, அவர் என்னை இரண்டு தடவை ஏற இறங்கப் பார்த்தார். நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா பெரியவரே என்றார். அடியுங்கள் என்றேன். மூன்று வரி. ஒன்று, எங்கள் ஊர் விஷயத்தை எழுதச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தக் கூடாது. இரண்டு, வெளிநாட்டு விஷயம் மட்டும் எழுத எனக்கு உரிமை வேண்டும். மூன்று, என் கரும்பலகையைத் திருப்பித் தர வேண்டும். இப்படிக்கு, தருமலிங்கம், ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். சார்ட்டர், செம்மணல்பட்டி பேரூராட்சி.

சிரிக்காதீர்கள். உங்களைப் போலத்தான் அவரும் சிரித்தார்.

சார்ட்டர் என்றால் தெரியுமா? ரயிலில் தபால் பெட்டி இருக்கும். ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டே கடிதம் பிரிக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் நின்றேன். வெளிநாட்டுத் தபால் என் கைக்குத்தான் வரும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாடம், புறாக்கூண்டு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் பர்மா பர்மாவில்தான் விழும். அப்படித்தான் உலகம் எனக்குப் பழக்கம். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது, மார்க்கெட் முக்கில் இருக்கும் படிப்பகத்தின் சுவரில் ஒரு கரும்பலகை சும்மா கிடந்தது. அந்தப் படிப்பகத்தை எல்லாக் கட்சியும் ஒரு தடவை திறந்து வைத்திருக்கிறது. எந்தக் கட்சியும் வெள்ளையடித்ததில்லை. நான் பலகையைக் கழுவி, மேலே 'உலகம்' என்று பெயின்டில் எழுதி, கீழே தினமும் ஏழு வரி எழுதத் தொடங்கினேன். காலை ஆறு மணிக்கு. பதினான்கு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

ஏழு வரியில் நாலு செய்தி, மூன்று விமர்சனம். எங்கே மக்கள் தெருவுக்கு வந்தார்கள், எந்த ஆட்சி என்ன சொன்னது, என் கருத்து என்ன. நான் யாருக்கும் பயந்து எழுதியதில்லை. ராணுவ ஆட்சியாளர் ஒருவரை, உன் தோளில் இருக்கும் நட்சத்திரத்தை எண்ணு, உன் சிறையில் இருக்கும் மாணவரையும் எண்ணு என்று கேட்டிருக்கிறேன். இன்னொரு பிரதமரை நேருக்கு நேர், நீ போய்விடு என்று எழுதினேன். நாலு மாதத்தில் போய்விட்டார். என்னால்தான் என்று சொல்லவில்லை. தேதியைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உள்ளூர் விஷயமா? அது எதற்கு? உள்ளூரில் நடப்பது உள்ளூர்க்காரனுக்குத் தெரியாதா? தெரிந்ததை எழுதுவதற்குப் பெயர் செய்தியா? முதல் வருஷம் ஒரே ஒரு தடவை எழுதினேன். மீன் மார்க்கெட் சாக்கடையைப் பற்றி ஒரு வரி. அந்த வாரமே எங்கள் வீட்டுக் குழாய் இணைப்பின் ஃபைல் பேரூராட்சி ஆபீஸில் காணாமல் போய்விட்டது. ஒன்பது மாதம் அலைந்தேன். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு உள்ளூர்ச் செய்தியில் ருசி போய்விட்டது. ருசிதான் போயிற்று. வேறொன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசியில் ஒரு நாட்டில் கலவரம். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். பலகையில் பெயரோடுதான் எழுதினேன். இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்களும் அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பீர்கள். தூரத்து நாடு. கடல் தாண்டி, இன்னொரு கடல் தாண்டி. அங்கே அதிபரின் மைத்துனருக்கு ரொட்டி ஒப்பந்தம் மொத்தமும் போய்விட்டது. மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். நான் எழுதினேன், 'அதிபரே, அக்காளை உமக்குக் கட்டிக்கொடுத்த தகுதியில் உம் மைத்துனர் நாட்டுக்கே ரொட்டி சுடுகிறார். நாடு உமக்கு மாமனார் வீட்டுச் சீதனமா?'

நல்ல வரி. ஆனால் நல்ல வரிக்குக் கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. அன்று கூடியது. எட்டு மணிக்குப் பலகை முன்னால் சைக்கிள் போக இடமில்லை. எதிரே கோழிக்கடை வைத்திருக்கும் யூசுப், கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் காதருகே, "அண்ணாச்சி, குத்துனாலும் குத்துனீங்க, வலிக்கிற இடமாப் பாத்துக் குத்திட்டீங்க" என்றான்.

எனக்குப் புரியவில்லை. யாரைக் குத்தினேன் என்றேன். கண்ணடித்தான். அறுபது வயது ஆள், கண்ணடிக்கிறான்.

பிறகுதான் தெரிந்தது. எங்கள் பேரூராட்சி சேர்மன் பூபாலனின் மைத்துனர் தணிகைக்குத்தான் ஊருக்குத் தண்ணீர் லாரி விடும் ஒப்பந்தம். குழாயில் தண்ணீர் வராத தெருவுக்கெல்லாம் தணிகை லாரி வரும். அதனால் குழாயில் தண்ணீர் வராத தெருக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டிருந்தன. ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த வரியை எழுதும்போது சத்தியமாக எனக்கு அது நினைவில்லை. நான் அந்த நாட்டைப் பற்றித்தான் எழுதினேன். யூசுப்பிடம் அட்லஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். இதோ பார், இங்கே இருக்கிறது அந்த நாடு என்றேன். ஆமா அண்ணாச்சி, ஆமா, கேட்டா இதையே காட்டுங்க என்கிறான்.

நம் ஆட்களுக்கு இதுதான் வியாதி. ஒருவன் தும்மினால், யாரை நினைத்துத் தும்மினான் என்று கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் கீழே இறங்கினால் அதற்குள் ஒரு குத்து. நன்றி சொன்னாலும் அதற்குள் ஒரு குத்து. நேராகச் சொன்ன எதையும் நேராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் ஆறே கால் மணிக்குப் பேரூராட்சி பில் கலெக்டர் ஆரோக்கியம் வந்தார். பலகையை செல்போனில் படம் பிடித்தார். எதற்கு என்றேன். பொது அறிவுக்கு என்றார். அவருக்கு அது இருந்ததாக அதுவரை எனக்குத் தகவல் இல்லை.

அன்றைய செய்தி, அதிபர் தன் தாயார் பெயரில் பூங்கா திறந்தார். பத்திரிகையில் படம் வந்திருந்தது. படத்தில் பூங்கா இருக்கிறது, மரம் இல்லை. நான் அதை எழுதினேன். 'தாயாருக்கு நிழல்கூடத் தராத மகன்' என்று ஒரு வரி. இரண்டு நாளில் எங்கள் ஊர் 'அன்னை ராஜாத்தி நினைவுப் பூங்கா'வில் பன்னிரண்டு வேப்பங்கன்று வந்து நிற்கிறது. கம்பி வலையோடு. ராஜாத்தி அம்மாள் சேர்மனின் தாயார். அந்தப் பூங்காவிலும் மரம் இல்லை என்பதை நான் யோசித்தேனா? எனக்கு அந்தப் பக்கம் போகிற பழக்கமே கிடையாது.

அப்புறம் அந்த நாட்டில் தலைநகரில் தெருவிளக்கை அணைத்துவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். எழுதினேன். எங்கள் பஜாரில் எட்டு விளக்கு எரிந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று நர்ஸுகள் ஊர்வலம் போனார்கள். எழுதினேன். எங்கள் ஊர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வந்துவிட்டார். நர்ஸுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சேர்மன் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாப் பக்கமும் சரி செய்கிறார் என்று யூசுப் சொன்னான்.

இதற்குப் பிறகு ஊர் ஜனம் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. ஒருவர், அந்த நாட்டில் ரேஷன் கடையில் பாமாயில் வருகிறதா என்று விசாரித்தார். இன்னொருவர் அந்த நாட்டு அதிபர் கிழக்குத் தெரு சாக்கடையை மூடாமல் விட்டதாகக் கேள்விப்பட்டாராம், அதை எழுத முடியுமா என்றார். வெளியே போகச் சொன்னேன். வெளிநாட்டு விவகாரம் என்ன ஊறுகாய் ஜாடியா, கண்டவன் கையை விட?

நாலாவது வாரம் சேர்மனே வந்துவிட்டார். தனியாக. ஆரோக்கியம்கூட இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தோம், குடித்தார். கொஞ்ச நேரம் என் அட்லஸைப் புரட்டினார்.

"சார், அந்த அதிபர் நல்லது ஒண்ணுகூடச் செய்யலையா?" என்றார்.

செய்தியில் இல்லை என்றேன்.

"ஒண்ணுகூடவா சார்? மனுஷன்னா ஏதாவது செஞ்சிருப்பாருல்ல."

பார்க்கிறேன் என்றேன்.

"மைத்துனர் வேற, அவர் வேற சார். வீட்டுல ஒரு வார்த்தை சொன்னா தட்ட முடியாத நெலைமை அவருக்கு இருந்திருக்கும். அதையும் ரெண்டு வரி எழுதுனா நடுநிலையா இருக்கும்."

அதிபரின் மனைவி அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை, தகவல் இல்லாமல் நான் எழுதுவதில்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். என்ன வேண்டும் சார் உங்களுக்கு, வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். நூலகத்துக்கு ஒரு ஆங்கிலப் பத்திரிகை கூடுதலாக வாங்கிப் போட்டால் நன்றாக இருக்கும் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே போனார். மூன்று பத்திரிகை வந்தது.

சேர்மன் தலை மறைந்ததும் என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். சொர்ணவல்லி. நாற்பத்தாறு வருஷ சம்சாரம். அதிகம் பேச மாட்டாள். எனக்கு அது வசதி.

"நம்ம தெருவுல பத்தொன்பது நாளாத் தண்ணி வரலை" என்றாள்.

எனக்கு ஆச்சரியம். நான் தினமும் குளிக்கிறேன், வெந்நீர் அண்டாவில் இருக்கிறது, குடிக்கப் பானையில் இருக்கிறது. எப்படி வரவில்லை என்கிறாய் என்றேன். மாரியம்மன் கோயில் அடிபம்பிலிருந்து தூக்கி வருகிறாளாம். மூன்று தெரு தள்ளி. தினமும் எட்டுக் குடம். லாரித் தண்ணீர் கூழாங்கல் வாடை அடிப்பதால் நான் குடிக்க மாட்டேன் என்று சொன்னேனாம். சொல்லியிருப்பேன்.

அந்த நாட்டில் தெற்குத் தெரு என்று ஒரு தெருவில் தண்ணீர் இல்லை என்று எழுதுங்கள் என்றாள். முடியாது என்றேன். ஏன் என்றாள். அந்த நாட்டில் போன வாரம் அடைமழை, மூன்று பாலம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது, தண்ணீர் இல்லை என்று எப்படி எழுதுவேன்?

"அங்க பெய்ற மழை என் குடத்துல விழுதா?" என்றாள்.

கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா. உண்மையை மாற்றி எழுத மாட்டேன். அப்படியானால் நம் ஊர் பெயரைப் போட்டே எழுதுங்கள் என்றாள். மேலே 'உலகம்' என்று எழுதியிருக்கிறது, பார்க்கவில்லையா என்றேன். செம்மணல்பட்டி உலகத்தில் இல்லையா என்றாள். இது விதண்டாவாதம்.

பயம் என்றாள். ஒரே சொல். அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் முதல் அவள் பங்குக்கு நாலு குடம்தான் தூக்கினாள். என் பங்கை நானே தூக்க வேண்டுமாம். வேலைநிறுத்தத்தைப் பற்றி என்னைவிட அதிகம் எழுதியவர் இந்தத் தாலுகாவில் இல்லை. அதனால் இது எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

எழுபத்து நாலு வயதில் இடுப்பில் குடம் நிற்காது. தோளில் வைத்தேன். அடிபம்பில் முப்பது பெண்கள். ஒருத்தி, "அதிபர் வந்துட்டாரு, வழிய விடுங்கடி" என்றாள். எல்லோரும் வழி விட்டார்கள், சிரித்துக்கொண்டே. ஆனால் வரிசையில் முன்னால் விடவில்லை. அது வேறு விஷயமாம். ஒரு மணி நேரம் நின்றேன். ஆளாளுக்கு ஒரு குறை. வடக்குத் தெருவில் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர், அதுவும் செவ்வாய்க்கிழமை. தையல்காரர் மனைவி தெய்வானைக்கு அறுவை சிகிச்சை முடிந்து பதினோராம் நாள், வரிசையில் நிற்கிறாள். வாட்டர்மேன் வால்வைத் திறப்பதே இல்லை, கேட்டால் மேலே கேளுங்கள் என்கிறான். நாலாம் நம்பர் வீட்டுக்காரர்கள் ஊரையே விட்டுப் போகப் போகிறார்கள். நான் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பங்குனி பத்தாம் தேதி அந்தச் செய்தி வந்தது. அதிபர் நாட்டைவிட்டு ஓடிவிட்டார். மக்கள் மாளிகைக்குள் புகுந்துவிட்டார்கள். அவர் கட்டிலில் படுத்துப் பார்க்கிறார்கள், அவர் சமையலறையில் டீ போடுகிறார்கள்.

எனக்குக் கை பரபரத்தது. ஐந்து வாரமாக அந்த ஆளைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். மூன்று வரி போதும் என்று நினைத்தேன். 'அதிபர் ஓடினார். மாளிகை திறந்து கிடக்கிறது. மக்களே, அது உங்கள் வீடு.' ஆறு மணிக்கு எழுதி முடித்துவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று. அன்று விடியும்போதே சேர்மன் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்டிருக்கிறார். பேரனுக்கு மொட்டை, காதுகுத்து. இரண்டு கார், ஏழு பெட்டி, ஒரு ஆடு. ஆட்டை யாரும் கவனிக்கவில்லை. பெட்டியைத்தான் கவனித்திருக்கிறார்கள்.

ஆறே காலுக்கு ஆரோக்கியம் வந்து பலகையைப் படித்தார். அன்று படம் பிடிக்கவில்லை. சேர்மனுக்குப் போன் செய்தார், மலைப்பாதை, கிடைக்கவில்லை. நேரே பேரூராட்சி ஆபீஸுக்கு ஓடினார். பத்து மணிக்கு ஆபீஸ் திறந்தது. பதினொரு மணிக்குள் சுவரில் இருந்த சேர்மன் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். அரசாங்க ஊழியர்களின் வேகத்தைக் குறை சொல்பவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

தெருவிலோ, சொர்ணவல்லி பலகையைப் படித்தாள். வீட்டுக்குப் போய் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு சேர்மன் வீட்டை நோக்கி நடந்தாள். அடிபம்பு வரிசை அப்படியே திரும்பி அவள் பின்னால் போனது. ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை. வரிசை மட்டும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

யூசுப் வந்து நூலகத்தில் என்னைக் கூப்பிட்டான். நான் ஓடினேன். சேர்மன் வீட்டு கேட் திறந்து கிடக்கிறது. காவலுக்கு இருந்த சமையல்காரர், யார் வந்தாலும் மரியாதையாக உட்கார வையுங்கள் என்று சேர்மன் சொல்லியிருந்ததால் எல்லோருக்கும் பாய் போட்டுக்கொண்டிருந்தார். முற்றத்துக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. சாதாரணமாக இல்லை. குடத்தின் அடியில் இடித்து மேலே எகிறுகிறது. தெற்குத் தெருவுக்கு வர வேண்டிய மெயின் பைப்பில் மோட்டார் வைத்திருக்கிறார். அறுபது குடம் வரிசையில். யாரும் எதையும் உடைக்கவில்லை. ஒருத்தி முற்றத்தைப் பெருக்கினாள், சிந்திய ஈரம் வீணாகிறதே என்று. இன்னொருத்தி சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சூடாக இருக்கிறது என்று எழுந்துவிட்டாள். தெய்வானையைப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். அவள் குடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள்.

நான் கேட்டில் நின்று கையை ஆட்டினேன். ஓடியது அந்த நாட்டு அதிபர், இது வேறு நாடு, வேறு நாடு என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

சொர்ணவல்லி குடத்தை மாற்றி வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "ஆமா, வேற நாடுதான்" என்றாள். "தண்ணி வருதே."

மாலையில் சேர்மன் வந்தார். மொட்டைத் தலை, சந்தனம், தோளில் பேரன். முற்றத்தில் அறுபது குடத்தையும் சமையல்காரர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்த பெண்களையும் பார்த்தார். போலீஸுக்குப் போன் செய்ய செல்லை எடுத்தார். மோட்டாரைப் பார்த்தார். செல்லைப் பையில் வைத்துவிட்டார். வந்தவங்க சாப்பிட்டுப் போங்க என்றார். ஆட்டுக்கறி இருந்தது. பாதிப் பேர் சாப்பிட்டுத்தான் வந்தார்கள்.

மூன்றாம் நாள் என் பலகை போய்விட்டது. பொதுமக்கள் நடமாட்டத்துக்கு இடையூறு என்று செயல் அலுவலர் கையெழுத்துப் போட்ட ஆணை. சுவரில் மாட்டிய பலகை எப்படி நடமாட்டத்துக்கு இடையூறு? சுவர் வழியாகவா நடக்கிறார்கள்? ஆபீஸுக்குப் போனேன். சேர்மன் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் படத்தைத் திரும்ப மாட்டியிருந்தார்கள், கோணலாக. கதவைச் சாத்தச் சொன்னார்.

"பலகையத் தரேன் சார். ஒரே ஒரு நிபந்தனை. உள்ளூர் மட்டும் எழுதுங்க."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன்.

"என் பேரைப் போட்டே எழுதுங்க சார். ரோடு சரியில்லையா, எழுதுங்க. மோட்டாரா, எழுதுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன், பழக்கம்தான். அந்த ஆளைப் பத்தி மட்டும் வேண்டாம். அவர் என்ன பண்ணாருன்னு காலையில எந்திரிச்சுப் பாக்குறதே எனக்குப் பொழப்பாப் போச்சு. நேத்து எம் பொண்டாட்டி கேக்குறா, அவருக்கு ரெண்டாவது சம்சாரம் இருக்காமேன்னு."

மூன்றாவதும் இருக்கிறது என்றேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

'உள்ளூர்ச் செய்திகள் மட்டும்' என்று ஒரு தாளில் எழுதி என் முன்னால் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் பலகை அன்றைக்கே திரும்பிவிடும். நான் போடவில்லை. எந்த நாட்டிலும் இப்படி நடந்ததில்லை. அரசாங்கம் தன்னைத் திட்டாதே என்று சொல்லும். எங்கள் அரசாங்கம், என்னைத் தவிர வேறு யாரையும் திட்டாதே என்கிறது. இதை எந்த மாடத்தில் போடுவது?

வீட்டில் சொன்னேன். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பலகையை வாங்கி எழுத வேண்டியதுதானே என்றாள் சொர்ணவல்லி. உனக்குப் புரியாது என்றேன். புரிகிறது என்றாள். அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் கோயிலுக்குப் போன நேரத்தில், சும்மா, எழுத்து எப்படி வருகிறது என்று பார்க்க, அடுக்களைத் தரையில் சாக்பீஸால் எழுதிப் பார்த்தேன். 'தெற்குத் தெருவில் தண்ணீர் இல்லை.' நாலு சொல். தெற்கு வந்தது. தெருவில் வந்தது. தண்ணீரில் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. சர்வாதிகாரிகளை வா போ என்று எழுதிய கை. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். இப்போது வருகிற சாக்பீஸ் மட்டம். முன்பெல்லாம் பெட்டியில் ஐந்தாறு நல்லதாக இருக்கும்.

அதன் பிறகு இரண்டு நாள் கழித்து மார்க்கெட் பக்கம் போனேன். படிப்பகச் சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக இருக்கிறது. அதில் அடுப்புக்கரியால் பெரிதாக எழுதியிருந்தது. 'தெற்குத் தெருவில் தண்ணீர் வந்து 30 நாள் ஆகிறது.' கீழே, 'சொர்ணவல்லி, 7, தெற்குத் தெரு.' என் வீட்டு விலாசம். ஒளிவு மறைவு கிடையாது. எழுத்து ஒரு பக்கம் சரிந்து இறங்குகிறது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள்.

எனக்கென்ன? அவள் சுவர், அவள் கரி.

ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனபோது பார்க்கிறேன், அப்படியே 30 என்று இருக்கிறது. முப்பத்தொன்று ஆகிவிட்டது. முந்தின நாள் செய்தி. பதினான்கு வருஷத்தில் என் இடத்தில் ஒரு நாள் பழைய செய்தி நின்றதில்லை. யார் எழுதினால் என்ன, தப்பு தப்புதான். கீழே ஒரு கரித்துண்டு கிடந்தது. எண்ணை மட்டும் திருத்தினேன். அவ்வளவுதான் செய்தது. அதற்கடுத்த நாள் முப்பத்திரண்டு. எண்ணை மட்டும் தனியாக நான் திருத்தினால் சரிந்திருந்த எழுத்தோடு ஒட்டவில்லை. அதனால் வரி முழுவதையும் நேராக எழுத வேண்டியதாயிற்று. கரி நன்றாக எழுதுகிறது. கை நடுங்கவே இல்லை. சாக்பீஸ்தான் மட்டம் என்று சொன்னேனல்லவா.

முப்பத்து நாலாம் நாள் சேர்மன் காரை நிறுத்தினார். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். சார், இது என்ன என்றார். தகவல் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். விரல் விட்டு எண்ணினார். சரியாத்தான் இருக்கு சார் என்றார். முகத்தில் ஒரு நிம்மதி, அது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. போய்விட்டார். அன்று மாலை குழாயில் காற்று வந்தது. சுர் என்று சத்தம். தெருவே வாசலுக்கு வந்து கேட்டது. மறுநாள் 'காற்று வந்தது' என்று ஒரு வரி சேர்த்தேன். உண்மைதானே.

வடக்குத் தெருக்காரர்கள் அவர்கள் எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் போட்டேன். அவர்கள் சொன்னதில் இரண்டு நாள் பிசகு இருந்தது, சரி பார்த்துத்தான் போட்டேன்.

அதனால் நான் உள்ளூர் விஷயம் எழுதுகிறேன் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதுவது வேறு, திருத்துவது வேறு. என் மனு இன்னும் மாறவில்லை. உலகம்தான் என் வேலை. பலகை வந்ததும் அங்கே போய்விடுவேன். அதுவரை சுவரில் தப்பான தகவல் நிற்கக் கூடாது என்பதால் காலையில் ஒரு அரை மணி நேரம். இன்று காலைகூட முப்பத்தேழு ஆக்கிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நாளை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இந்தக் கூட்டம் நகர்கிற வேகத்தைப் பார்த்தால் கடைசி பஸ்ஸைப் பிடிப்பேனோ தெரியவில்லை. மனுவைக் கொடுக்காமல் போனால்தான் என்ன என்று அரை மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அது கிடக்கட்டும். நீங்கள் எதற்கு வந்தீர்கள்? பட்டாவா? எத்தனை நாளாக அலைகிறீர்கள்?

நாலு அஞ்சு வருஷம் இருக்குமா? இருக்குமா என்றால் என்ன பதில் அது? உங்கள் நிலம், உங்கள் கால் நடந்த நடை, உங்களுக்கே தெரியாதா? முதல் மனு கொடுத்தது என்றைக்கு? ரசீது இருக்கும், பையில் தேடுங்கள். நிதானமாகத் தேடுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. தேதியைச் சொல்லுங்கள்.